நாளுக்கொரு நகம்

அடுக்குமாடி வீடுகளில் நாய் வளர்ப்பவர்களுக்கு நன்றாகப் பழகிய சத்தம் ஒன்று உண்டு. விடியற்காலையில் நாய் எழுந்து கூடத்திலிருந்து சமையலறைக்கு நடந்துவரும்போது டைல்ஸ் தரையில் 'டக், டக்' என்று கேட்கும். செல்லம் எழுந்துவிட்டது என்று அதைக் கேட்டு மகிழ்கிறவர்களே அதிகம். ஆனால், நகம் சரியான நீளத்தில் இருக்கும் நாய் நடந்தால் அந்தச் சத்தம் வரக் கூடாது. நாய் நேராக நிற்கும்போது அதன் நக நுனிக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகி எடுக்க முடிய வேண்டும், அளவு அவ்வளவுதான். 'டக்' என்று ஒலித்தால் ஒவ்வோர் அடிக்கும் நகம் தரையில் மோதுகிறது என்று பொருள். அந்த மோதலை விரல் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர்க் கிண்ணத்துக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு நாளைக்கு எத்தனை முறை நடக்கிறதோ, அத்தனை முறையும் வாங்கிக்கொள்கிறது.

நம் ஊரில் நாயின் நகமும் பாதமுடியும் அலங்காரக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஷாம்பு குளியல், முடிவெட்டு, வாசனைத் தெளிப்பு, கழுத்தில் ஒரு ரிப்பன் என்று போகும் பட்டியலின் கடைசியில், 'அப்படியே நகத்தையும் வெட்டிவிடுங்கள்' என்கிறோம். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதுபோல எப்போதோ ஒருமுறை அது நடக்கிறது. இந்தக் கணக்கே தவறு. உணவும் தடுப்பூசியும் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அந்த வரிசையில் வைக்க வேண்டியது பாதப் பராமரிப்பு. அதுவும் வீட்டில், வளர்ப்பவர் கையால், சிறுகச் சிறுக நடக்க வேண்டும். நாயின் நகத்தை நாள்தோறும் தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தது மண். அந்த மண்ணிலிருந்து அதைத் தூக்கிவந்து வழவழப்பான தரையில் விட்டவர்கள் நாம். மண் பார்த்துவந்த வேலை அன்றைக்கே நம் கைக்கு மாறிவிட்டது. பலருக்கு இந்தக் கைமாற்றம் நடந்ததே தெரியாது.

நம்மைப் போல உள்ளங்காலை முழுதாக ஊன்றி நடக்கும் பிராணி அல்ல நாய். அது விரல்களின் மேல் நடக்கிறது. பின்னங்காலில் பின்பக்கமாக மடியும் முழங்கால் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இடம் உண்மையில் அதன் குதிகால். உடலின் எடை முழுவதையும் விரல்களும் அவற்றின் அடியிலுள்ள மெத்தைச் சதையும் தாங்குகின்றன. முன்னங்கால்களில் ஐந்தைந்து, பின்னங்கால்களில் நான்கு நான்கு என்று பெரும்பாலான நாய்களுக்கு 18 நகங்கள். ஒவ்வொரு நகமும் விரலின் கடைசி எலும்போடு பிணைந்தது. வெளியே தெரிவது கெரட்டினால் ஆன ஓடு. உள்ளே ரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் உயிர்ச்சதை. நாம் நகக்கண் என்று சொல்வது அதைத்தான். நமக்கு நகக்கண்ணில் ஊசி ஏறினால் எப்படியோ, நாய்க்கு அங்கே வெட்டுப்பட்டால் அப்படியேதான். இதில் கவனிக்க வேண்டியது, நகக்கண் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நகத்தை வளரவிட்டால் அதுவும் உள்ளுக்குள் நீண்டுகொண்டே வரும். நுனியை அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவந்தால் அதுவும் மெல்லப் பின்வாங்கும். எப்போதோ ஒருமுறை வெட்டுகிறவருக்கு நகம் நீளமாக இருந்தும் வெட்ட இடம் இருக்காது. மீறி வெட்டினால் ரத்தம் வரும். விட்டுவிட்டால் 'டக், டக்' தொடரும். வாரந்தோறும் ஒரு மில்லிமீட்டர் எடுப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. கட்டுரையின் மற்ற வாதங்கள் எல்லாம் இந்த ஓர் உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

நீண்ட நகம் தரையில் படும்போது தரை அதைத் திருப்பித் தள்ளுகிறது. விரல் மூட்டு மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ திரும்புகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால் விரல்கள் விரிந்து, பாதம் தட்டையாகி, நாய் எடையைப் பின்னுக்குச் சாய்த்து நிற்கப் பழகிவிடுகிறது. மெத்தைச் சதை சரியாகப் பதியாததால் தரையில் பிடிமானம் குறைகிறது. இளம் நாய்க்கு இது பெரிதாகத் தெரியாது. மூட்டுத் தேய்மானம் வந்த பத்து வயது லேப்ரடாருக்கு, எழுந்து நிற்பதற்கும் நிற்க முடியாமல் சறுக்குவதற்கும் உள்ள வித்தியாசமே அந்தப் பிடிமானம்தான். வழுக்கும் தரையின் தீங்கு வெறும் ஊகமல்ல. நெதர்லாந்தில் பாக்ஸர் இன நாய்களைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனித்து 2005-ல் வெளியான ஆய்வு, வழுக்கும் தரையில் வளர்ந்தவற்றுக்கு இடுப்பு மூட்டுக் கோளாற்றால் நொண்டும் வாய்ப்பு 1.6 மடங்கு என்று கண்டது. நகத்தைப் பற்றியே நேராகக் கேட்ட ஆய்வும் இருக்கிறது. தடைதாண்டி ஓடும் அஜிலிட்டி போட்டி நாய்களின் விரல் காயங்களை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். நகம் நீண்ட நாய்களுக்கு விரலில் அடிபடும் வாய்ப்பு கூடுதல் என்று அதில் தெரிந்தது. போட்டி நாய்க்குக் கிடைத்த முடிவை வீட்டு நாய்க்கு அப்படியே பொருத்த முடியாதுதான். ஆனால் கால்மிதியின் நூலிலும் சோபா உறையிலும் வாசல் கிரில்லின் இடுக்கிலும் மாட்டிக்கொண்டு நகம் பிளப்பதற்குப் போட்டி மைதானம் தேவையில்லை. நகக்கண் வெளியே தெரியும்படி பிளந்த நகம் எந்த நாயையும் கத்தவைக்கும்.

இவற்றையெல்லாம்விட அதிகம் மறக்கப்படுவது ஐந்தாவது விரல். முன்னங்காலின் உட்புறத்தில், பாதத்துக்குச் சற்று மேலே, நம் கட்டைவிரலின் இடத்தில் அது இருக்கிறது. சில நாய்களுக்குப் பின்னங்காலிலும் உண்டு. நிற்கும்போது அது தரையைத் தொடுவதில்லை என்பதால் எவ்வளவு நடந்தாலும் அந்த நகம் தேயாது. வளர்ந்து, வளைந்து, வட்டமிட்டுக் கடைசியில் சதைக்குள்ளேயே இறங்கிவிடும். ஷிட்சூ, லாசா ஆப்சோ போன்ற முடி அடர்ந்த நாய்களிலும், நாம் பொமரேனியன் என்று அழைத்து வளர்க்கும் இந்தியன் ஸ்பிட்ஸிலும் அது முடிக்குள் மறைந்திருப்பதால், சீழ் வைத்து நாற்றம் வந்த பிறகே கண்ணில் படுகிறது. தொல்லை வேண்டாம் என்று குட்டியிலேயே அந்த விரலை வெட்டி எடுத்துவிடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். மேலே சொன்ன 2018 ஆய்வே அதற்கும் பதில் வைத்திருக்கிறது: முன்னங்காலில் ஐந்தாவது விரல் இல்லாத நாய்களுக்குத்தான் மற்ற விரல்களில் காயம் அதிகம். வேகமாகத் திரும்பும்போது அந்த விரல் தரையைப் பற்றி உதவுகிறது. அதை எடுக்க வேண்டியதில்லை, அதன் நகத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.

பாதமுடிக்கு வருவோம். இது எல்லா நாய்க்குமான வேலை கிடையாது. லேப்ரடார், டாபர்மேன், சிப்பிப்பாறை, கன்னி போன்ற குட்டைமுடி நாய்களின் உள்ளங்காலில் கத்தரிக்க எதுவும் இல்லை. கோல்டன் ரெட்ரீவர், ஷிட்சூ, ஸ்பிட்ஸ், காக்கர் ஸ்பேனியல் போன்றவற்றுக்கு மெத்தைகளின் நடுவிலிருந்து முடி வளர்ந்து, மெத்தையையே மூடிவிடும். டைல்ஸில் காலுறை போட்டு ஓடும் குழந்தை எப்படிச் சறுக்குமோ, அப்படிச் சறுக்கும் அந்த நாய். வழுக்கலோடு முடிவதில்லை. நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் வேலை செய்வது முக்கியமாக உள்ளங்காலில்தான். அந்த வியர்வையும் வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் முடியில் தேங்கினால் விரலிடுக்கில் பூஞ்சை வளர்கிறது. நாய் பாதத்தை ஓயாமல் நக்குகிறது. வெள்ளை முடி செம்பழுப்பாகிறது. தோல் சிவந்து புண்ணாகிறது. தெருவில் தேங்கும் மழைநீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும் ஊர்களில் நாம் வாழ்கிறோம். எலிக்காய்ச்சல் கிருமி உள்ளே நுழைய அந்தப் புண்ணே வாசல். வெயில் காலத்தில் வேறு தொல்லைகள்: நெருஞ்சி முள், உருகிய தார், உண்ணி. விரலிடுக்கு உண்ணிக்கு மிகப் பிடித்த இடம். நம் வீடுகளில் காணும் பழுப்பு உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியால் வருவதைத்தான் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். முடி மண்டிய பாதத்தில் உண்ணியைத் தேடுவது வைக்கோல்போரில் குண்டூசி தேடுவதற்குச் சமம்.

இங்கே எழும் முதல் மறுப்பு நியாயமானது. தெருநாய்க்கு யார் நகம் வெட்டுகிறார்கள்? ராஜபாளையத்திலும் சிப்பிப்பாறையிலும் கோம்பையிலும் தலைமுறை தலைமுறையாக நாய் வளர்த்தவர்கள் நகவெட்டியா வைத்திருந்தார்கள்? வைத்திருக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. கரிசல் காட்டில் முயல் விரட்டிய நாயின் நகத்தைக் கட்டியும் கல்லும் தேய்த்தன. தெருநாயின் நகத்தை நாள் முழுக்கத் தார்ச்சாலை தேய்க்கிறது. அந்தத் தெருநாயின் கால்களை எட்ட நின்று பாருங்கள், நகங்கள் குட்டையாகவும் மழுங்கியும் இருக்கும். அதே சிப்பிப்பாறை நாயை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து, காலையில் கால் மணி நேரம், மாலையில் கால் மணி நேரம் கயிற்றில் பிடித்து நடத்தினால் தேய்மானம் எங்கிருந்து வரும்? சித்திரை, வைகாசியில் சாலை சுடும் என்பதால் அந்தக் கால் மணி நேரத்தையும் குறைக்கிறோம். குறைக்கத்தான் வேண்டும், மெத்தை வெந்துபோகும். மூன்று கிலோ எடையுள்ள நாய் எவ்வளவு நடந்தாலும் நகத்தைத் தேய்க்கும் அளவுக்கு அதற்குக் கனமில்லை. வயதான நாய் நடையையே குறைத்துவிடுகிறது. 'இயற்கை பார்த்துக்கொள்ளும்' என்ற வாதம் இயற்கையில் இருக்கும் நாய்க்குச் சரி. வீட்டு நாயை நாம் எதில் வைத்திருக்கிறோம் என்று குனிந்து தரையைப் பார்த்துவிட்டு அந்த வாதத்தைச் சொல்ல வேண்டும்.

பாதமுடியைப் பற்றியும் இதே மறுப்பு வருகிறது, அதில் பாதி உண்மை இருக்கிறது. குளிர்தேசத்து நாய்களுக்கு விரலிடை முடி பனியிலிருந்து காப்பு. ஹஸ்கியின் பாதம் அதற்காகவே அமைந்தது. ஆனால் திருச்சியிலோ மதுரையிலோ வளரும் ஹஸ்கிக்குப் பனி எங்கே இருக்கிறது? அந்த முடி வெயிலில் சுடும் தாரிலிருந்து மெத்தையைக் காப்பாற்றும் என்பதும் பொய்யான நம்பிக்கை. உண்மையான மறுபாதி இது: முடியை மழித்து எடுக்கக் கூடாது. மெத்தையின் மட்டத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கத்தரித்தால் போதும். விரலிடுக்கின் ஆழத்துக்குள் கத்தரியை விட்டுச் சுரண்டினால் தோல் எரியும். வெட்டிய முடி முனை தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்து கட்டியாகவும் கூடும். அழகு நிலையங்களில் வழுவழுவென்று சிரைத்துத் தரும் பாதம் பார்க்கச் சுத்தமாக இருக்கலாம், நாய்க்கு அது நன்மை இல்லை.

அடுத்த மறுப்பு, 'தெரிந்தவர் செய்யட்டுமே' என்பது. குரூமிங் பார்லர்கள் பெருகிவிட்டன, வேன் வாசலுக்கே வருகிறது, பணம் கொடுத்தால் அரை மணியில் முடிந்துவிடும். அந்தத் தொழிலாளர்களின் கைத்திறனைக் குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் இடைவெளியிலும் அச்சத்திலும் இருக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டியதற்கு யாரும் அத்தனை அடிக்கடி பார்லர் போவதில்லை. அதற்குள் நகக்கண் முன்னேறிவிடும். பழக்கமில்லாத இடம், டிரையரின் இரைச்சல், மற்ற நாய்களின் வாசனை, உயரமான மேசை, பிடித்துக்கொள்ளும் புதிய கைகள் ஆகிய எல்லாம் ஒரே நேரத்தில் நாயின் மேல் விழுகின்றன. ஜெர்மனியில் மருத்துவமனைக்கு வந்த 135 நாய்களைக் கவனித்து 2009-ல் வெளியான ஆய்வில், பரிசோதனை மேசையின் மேல் 106 நாய்கள் அச்சத்தின் அறிகுறிகளைக் காட்டின. அங்கே நடந்தது வெறும் பரிசோதனை. மேசைமேல் கிடத்தி, இருவர் பிடித்துக்கொள்ள, ஒருவர் 18 நகங்களையும் ஒரே மூச்சில் வெட்டும்போது நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: என் பாதத்தை யாராவது தொட்டால் கெட்டது நடக்கும். அடுத்த முறை அது இன்னும் அதிகம் திமிறும், இன்னும் இறுக்கிப் பிடிப்பார்கள். ஆறாவது முறை அது கடிக்கும். 'எங்கள் நாய் நகம் வெட்ட விடாது' என்று சொல்லும் பல வீடுகளில் நாய் அந்தக் குணத்தோடு பிறக்கவில்லை, இப்படித்தான் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது.

வீட்டில் செய்யத் தயங்குவதற்கு உண்மையான காரணம் ரத்தம். அந்தப் பயத்தை அலட்சியமாகத் தள்ளிவிடக் கூடாது. நகக்கண் வெட்டுப்பட்டால் நாய்க்கு வலிக்கும், தரையெல்லாம் சொட்டும், வெட்டியவருக்குக் கை நடுங்கும். ஆனால் ஆரோக்கியமான நாய்க்கு அது உயிருக்கு ஆபத்தான காயம் அல்ல. சலூனில் சவரக் கீறலுக்குப் படிகாரம் தேய்ப்பார்களே, அதே வேலையைச் செய்யும் ரத்தம் நிறுத்தும் பொடி நாய்களுக்கென்றே கடைகளில் கிடைக்கிறது. அது இல்லாவிட்டால் சோள மாவை நகத்தின் நுனியில் வைத்துச் சில நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். நடுநடுவே எடுத்துப் பார்க்காமல் இருப்பதுதான் முக்கியம். இருபது நிமிடம் அழுத்தியும் நிற்கவில்லை என்றால், கையாண்டவரின் தவறை மறந்துவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கிறது. டாபர்மேன் இனத்தில் ரத்தம் உறையாமை தொடர்பான வான் வில்லிபிராண்டு என்ற பரம்பரை நோய் உண்டு. நகத்தில் நிற்காத ரத்தம் அந்த நோய்களின் முதல் தடயமாக இருக்கலாம். பயத்துக்கு மருந்து பொடி மட்டும் அல்ல, அளவும்தான். நகக்கண்ணுக்கு வெகு முன்னால், வளைந்த கொக்கியின் நுனியை மட்டும் எடுப்பவர் கையில் ரத்தம் வருவது மிக அரிது.

எனவே எப்படி வெட்டுவது என்பதைவிட, எப்படிப் பழக்குவது என்பதே பெரிய பாடம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சோபியா யின் (1966-2014), பிராணிகளை அச்சுறுத்தாமல் கையாளும் முறையைத் தொகுத்து 2009-ல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். அதன்பின் உலகின் பல நாடுகளில் மருத்துவமனைகளும் பயிற்சியாளர்களும் அந்தத் திசையில் நடக்கத் தொடங்கினார்கள். அடிப்படை, ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் மணியோசையையும் உணவையும் இணைத்துக் காட்டியதுதான். பாதத்தைத் தொடுவதும் அவித்த கோழித் துண்டும் நாயின் மனதில் ஒன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும். இதில் வரிசை தவறக் கூடாது. முதலில் தொடுதல், அடுத்த நொடி தின்பண்டம். தின்பண்டத்தை முதலில் நீட்டிவிட்டுப் பிறகு காலைப் பிடித்தால் தின்பண்டமே அபாய அறிவிப்பாகிவிடும். கோழியைப் பார்த்ததும் கட்டிலுக்கடியில் ஓடும் நாய்கள் அப்படி உருவானவை. முதல் நாள் தோளைத் தொடுங்கள், கொடுங்கள். மறுநாள் முழங்கை வரை. பிறகு பாதம். பிறகு ஒரு விரலை ஒரு நொடி பிடித்து விடுவது. இத்தனை நாளும் நகவெட்டி தரையில் சும்மா கிடக்கட்டும், நாய் மோந்து பார்க்கட்டும். வெட்டும் சத்தத்துக்குப் பழக, வேகவைக்காத மக்ரோனித் துண்டை நகவெட்டியால் நறுக்கிக் காட்டி ஒரு துண்டு கோழி கொடுக்கலாம். இதற்கு ஒரு வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். அவசரம் நமக்குத்தான், நாய்க்கு இல்லை. குட்டியாக இருந்தால் வேலை பாதி. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். தடுப்பூசி முடியவில்லை, வெளியே விடக் கூடாது என்று குட்டியை வீட்டுக்குள் வைத்திருக்கும் அந்த நாட்களைப் பாதத்தைத் தொட்டுப் பழக்கச் செலவிட்டால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குப் பலன்.

நாய் வாயால் பேசாவிட்டாலும் உடம்பால் பேசுகிறது. உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, வாலை இடுக்குவது, காலை மெல்ல இழுத்துக்கொள்வது எல்லாம் 'போதும்' என்ற ஒரே சொல்லின் வெவ்வேறு வடிவங்கள். அப்போது கையை எடுத்துவிட வேண்டும். 'விட்டுக்கொடுத்தால் தலைக்கு மேல் ஏறும்' என்ற பழைய எண்ணம் இங்கே குறுக்கே வரும். காலை இழுத்தால் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்த நாய்க்குக் கடித்துத்தான் விடுபட வேண்டும் என்ற நெருக்கடி இல்லை. அதனாலேயே அது அதிக நேரம் காலைக் கொடுத்துவைக்கும். இசைவு கேட்பது பெருந்தன்மைக்காக மட்டும் இல்லை, நம் கைவிரல்களின் பாதுகாப்புக்காகவும்தான்.

வெட்டும் வேலை சிறியது. மனிதருக்கான தட்டை நகவெட்டி வேண்டாம். நாயின் நகம் உருண்டையானது, தட்டை வெட்டி அதை நசுக்கிப் பிளந்துவிடும். கத்தரி போலிருக்கும் நாய் நகவெட்டியே நல்லது, முனை மழுங்காமல் இருக்க வேண்டும். நாய் படுத்தோ உட்கார்ந்தோ இருக்கும் நிலையில், விரலை நசுக்காமல் பிடித்து, நகத்தின் அடிப்பக்க வளைவை ஒட்டி நுனியை மட்டும் எடுக்க வேண்டும். வெள்ளை நகத்தில் நகக்கண் இளஞ்சிவப்பாக வெளியே தெரியும்; அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பே நிறுத்திவிடலாம். கறுப்பு நகத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். அதைக் காகிதத் தடிமனில் சீவுவதுபோல் வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டுமுகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்பு போல் உலர்ந்த வெளுப்பு இருக்கும். நடுவில் ஈரப்பசையுள்ள கரும்புள்ளி தெரிந்த உடனே நிறுத்த வேண்டும். மின்சார அரம் வாங்குபவர்கள் அதை ஒரு நகத்தில் ஒன்றிரண்டு நொடிக்கு மேல் அழுத்தக் கூடாது, சூடேறும். நீள முடி அதன் சுழலில் சுற்றிக்கொள்ளும் என்பதால் முடியை ஒதுக்கிப் பிடிக்க வேண்டும். பாதமுடிக்கு முனை மழுங்கிய சிறு கத்தரி அல்லது சின்ன டிரிம்மர் போதும். கத்தரியை மெத்தைக்கு இணையாகப் பிடிப்பது ஒன்றே விதி. தார் ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துத் துடைத்தால் இளகிவரும். தாருக்கும் உண்ணிக்கும் மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்: தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் நஞ்சு.

இத்தனைக்கும் நேரம் ஏது என்ற கேள்விக்குத்தான் கட்டுரையின் தலைப்பு பதில். 18 நகங்களையும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு ஒரு நகம். இரவு உணவுக்குப் பிறகு, தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது, அரை நிமிடம். பதினெட்டாம் நாள் ஒரு சுற்று முடியும். மறுநாள் முதல் நகத்துக்குத் திரும்பலாம். நகக்கண் பின்வாங்குவதற்கும் நாய் பழகுவதற்கும் இந்த வேகம் பொருத்தமானது. ஒரு நகத்தில் தவறு நேர்ந்தாலும் மற்ற பதினேழுக்கு அந்த அச்சம் உடனே பரவாது. வெட்டவே விடாத நாய்க்கும் வழி இருக்கிறது. பலகையில் உப்புத்தாளை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால், அதைப் பிறாண்டச் சொல்லிக்கொடுக்கலாம். முன்னங்கால் நகங்களைத் தானே தேய்த்துக்கொள்ளும். ஐந்தாவது விரலுக்கு மட்டும் அது உதவாது. இனி, வீட்டில் தொடவே கூடாத நிலைகளும் உண்டு: நகம் சதைக்குள் இறங்கியிருந்தால், விரல் வீங்கியிருந்தால், நகம் பிளந்திருந்தால், முடி கல்லாகச் சிக்குப் பிடித்திருந்தால், நாய் ஏற்கெனவே கடித்திருந்தால், அது மருத்துவரின் வேலை. தேவையானால் அவர் மயக்க மருந்து கொடுத்துச் செய்வார். வீட்டில் செய்யும்போது கடி பட்டுவிட்டால், தடுப்பூசி போட்ட நாய்தானே என்று இருந்துவிடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பாதம் வாரத்துக்குப் பலமுறை கைக்குள் வந்துபோவதால் கிடைக்கும் இன்னொரு பலன், வெட்டுவதைவிடப் பெரியது. கறுப்பு லேப்ரடார், ராட்வைலர் போன்ற கருநிற நாய்களுக்கு நகத்தடியில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவற்றைவிட அதிகம். ஒரே ஒரு விரல் வீங்கி, அதன் நகம் கோணலாகி அல்லது விழுந்து, சாதாரணப் புண் போலத்தான் அது தொடங்கும். ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களில், உடலின் எதிர்ப்புச் சக்தியே நகத்தைத் தாக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் பல நகங்கள் கழன்றுவிழும் நோய் ஒன்று உண்டு. இரண்டையும் மருத்துவர்தான் கண்டறிய வேண்டும். ஆனால் மருத்துவரிடம் கொண்டுபோகும் நாளை முடிவு செய்வது, போன வாரம் இந்த விரல் எப்படி இருந்தது என்று தெரிந்த கை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிடித்து அழுத்திய பாதத்தை அவசரமாகப் பார்ப்பவருக்கு அது தெரிய வழியில்லை.

1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், தன் 3-ஆம் பிரிவில், ஒரு பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனுக்கு வேண்டிய நியாயமான நடவடிக்கைகள் அனைத்தையும் எடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. நீண்ட நகத்துக்காக யாரும் யார்மேலும் வழக்குப் போடப்போவதில்லை. சட்டம் சொல்லும் அந்தக் கடமை எங்கே தொடங்குகிறது என்று தேடினால், அது நம் வீட்டுத் தரையில் 'டக், டக்' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைக்கே நகவெட்டியை எடுத்துவிட வேண்டாம். இன்று இரவு நாய் உங்கள் பக்கத்தில் வந்து படுக்கும்போது, அதன் முன்னங்கால் பாதத்தை உள்ளங்கையில் ஒரு நொடி ஏந்துங்கள். ஒரு துண்டு கோழி கொடுங்கள். கையை எடுத்துவிடுங்கள். நாளை இரவு இரண்டு நொடி.